துபாய்க்குப் போனால் வரி மிச்சமா? முதலில் அந்த 15,52,980ஐப் பார்ப்போம்

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறார். கான்ட்ராக்டர். மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்புகிறார், மாதம் 5 லட்சம் வருகிறது, வருடத்துக்கு 60 லட்சம். வீட்டில் மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை, அம்மா. "2025-26க்கு ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டேன் அண்ணா, 15,52,980 ரூபாய் வரி காட்டுது. ரிட்டர்ன் இன்னும் போடலை. வேலையை எங்கிருந்து வேணும்னாலும் செய்யலாம். துபாயில் இருக்கும் நண்பன், இங்கே வந்துடு, ஒரு திர்ஹாம்கூட வரி கிடையாது என்கிறான். போகலாமா?"

தம்பி, துபாயை அப்புறம் பார்ப்போம். முதலில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த எண்.

அதைக் கால்குலேட்டர் இல்லாமல் கையால் போட்டுப் பார்த்தேன். 60 லட்சத்தில் 75,000 கழித்தால் 59,25,000. புதிய வரித் திட்டத்தில் முதல் 24 லட்சத்துக்கு வரி 3 லட்சம். மிச்சமுள்ள 35,25,000க்கு 30 சதவீதம், அதாவது 10,57,500. ஆக 13,57,500. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் 10 சதவீதம் சர்சார்ஜ், 1,35,750. எல்லாவற்றின் மேலும் 4 சதவீதம் செஸ், 59,730. கூட்டினால் சரியாக 15,52,980.

கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த 75,000 எங்கிருந்து வந்தது? அது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். சம்பளம் வாங்குகிறவருக்கும் பென்ஷன்காரருக்கும் மட்டும் உள்ள கழிவு. அதாவது 60 லட்சத்தையும் 'சம்பளம்' என்ற கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வந்தால் யாருக்கும் அது சம்பளமாகத்தான் தோன்றும், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்களே சொல்கிறபடி இன்வாய்ஸ் போடுகிறீர்கள், கான்ட்ராக்டர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அது தொழில் வருமானம். தொழில் வருமானத்துக்கு 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

44ஏடிஏ சொல்வது ரொம்ப எளிமையானது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், தொழில்நுட்ப ஆலோசகர் மாதிரி குறிப்பிட்ட தொழில் செய்கிறவர்கள் கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். வந்த தொகையில் பாதியைச் செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், மீதிப் பாதிக்கு வரி கட்டினால் போதும். பொதுவான வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம். உங்களுக்கு எல்லாமே வங்கி வழியாக வருவதால் 75 லட்சம்தான் வரம்பு. தகவல் தொழில்நுட்பம் இதில் வருமா என்று பலர் கேட்பார்கள். 2001லேயே அதை அறிவிக்கப்பட்ட தொழில்களில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது திரும்பப் போடுவோம். 60 லட்சத்தில் பாதி 30 லட்சம். 24 லட்சம் வரை 3 லட்சம், மேலே 6 லட்சத்துக்கு 30 சதவீதம் 1,80,000. மொத்தம் 4,80,000. சர்சார்ஜ் கிடையாது. செஸ் 19,200. வரி 4,99,200 ரூபாய்.

15.5 லட்சம் 5 லட்சமாகிவிட்டது. உங்கள் மொத்த வரவில் இது 8.3 சதவீதம். லேப்டாப், இன்டர்நெட், யூபிஎஸ், ஒரு நல்ல நாற்காலி எல்லாம் சேர்த்து உங்கள் நிஜச் செலவு 3 லட்சத்தைத் தாண்டுமா? சட்டம் 30 லட்சத்தைச் செலவாகக் கொடுக்கிறது. நீங்கள் விமானம் ஏறித் தேடப் போகும் சலுகையில் பெரும்பகுதி கோவையிலேயே கிடக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை, நீங்கள் நிஜமாகவே கான்ட்ராக்டராக இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். தலைப்பில் 'இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர்' என்று போட்டுவிட்டு உள்ளே வருடத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வேலை, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தால், பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து இது சம்பளம்தான் என்று அதிகாரி சொல்ல இடம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்காக இங்கே ஆள் வைத்துக் கொடுக்கும் டீல் (Deel), ரிமோட் (Remote) மாதிரி நிறுவனங்கள் வழியாக இந்தியச் சம்பளப் பட்டியலில் சேர்த்து, டிடிஎஸ் பிடித்து, ஃபார்ம் 16 கொடுக்கிறார்கள் என்றால் பேச்சே இல்லை, அது சம்பளம். 44ஏடிஏ பக்கம் போகவே கூடாது. இன்னொன்றையும் பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி ஒரு சான்று தரும், அதில் ஒரு பர்ப்பஸ் கோடு இருக்கும். பி0802 என்றிருந்தால் மென்பொருள் ஆலோசனைக்கான பணம். பி1401 என்றிருந்தால் ஊழியருக்கான ஊதியம் என்று வங்கி பதிந்திருக்கிறது. வங்கியில் ஊதியம், ரிட்டர்னில் தொழில் என்று இருந்தால் நாளைக்கு நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல நாக்கு வறண்டுபோகும். இன்றே வங்கிக்கு எழுதி மாற்றச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வரி பிடிப்பார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. நான் அமெரிக்கர் இல்லை என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் (W-8BEN) படிவத்தைக் கிளையண்டிடம் கொடுத்திருப்பீர்கள். அமெரிக்க மண்ணில் கால் வைக்காமல் செய்த வேலைக்கான கூலி அங்கே அமெரிக்க வருமானமாகக் கணக்கில் வராது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, துபாய்க்கு வருவோம்.

நண்பர் சொன்னது பொய்யில்லை. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. 2023 ஜூன் முதல் 9 சதவீதக் கார்ப்பரேட் வரி வந்திருக்கிறது. தனிநபராகத் தொழில் செய்கிறவருக்கு வருட வரவு 10 லட்சம் திர்ஹாமைத் தாண்டினால்தான் அது. ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால் 2.4 கோடி. உங்களைத் தொடாது. ரிமோட் வேலைக்கென்றே ஒரு வருட விசா தருகிறார்கள், மாதம் 3,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும். உங்கள் வருமானத்துக்கு அது கிடைத்துவிடும்.

ஆனால் மிச்சமாகப் போவது எவ்வளவு? 15.5 லட்சம் இல்லை, 5 லட்சம். அதை வைத்துக்கொண்டு துபாயில் வீடு பிடிப்போம். சாதாரணமான பகுதியில் ஒரு படுக்கையறை வீடு வருடம் 70,000 திர்ஹாம் என்று வையுங்கள், இடத்துக்கு இடம் கூடும் குறையும். நம் பணத்தில் 16.8 லட்சம். அங்கே மாதாமாதம் வாடகை கொடுக்கும் பழக்கம் குறைவு. வருட வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நான்கு காசோலையாகப் பிரித்து, வரப்போகும் தேதிகளைப் போட்டு, முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார்கள். காசோலை எண்ணிக்கை குறைந்தால் வாடகையும் கொஞ்சம் இறங்கும், எல்லாப் பேரமும் அதில்தான். முன்பணம் 5 சதவீதம், புரோக்கருக்கு 5 சதவீதம், மின்சாரம் தண்ணீர் தரும் துபாய் வாரியமான தேவாவில் (DEWA) 2,000 திர்ஹாம் டெபாசிட், ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசு வாடகைப் பதிவேட்டில் பதிய ஒரு கட்டணம். அப்புறம் வருட வாடகையில் 5 சதவீதத்தை வீட்டுக் கட்டணம் என்று மாதாமாதம் தேவா பில்லிலேயே சேர்த்து வசூலிப்பார்கள். வருமான வரி இல்லாத ஊரில் அது ஒரு வரி மாதிரிதான். கடைக்குப் போனால் 5 சதவீதம் வாட்.

ஆக, கோவையில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு 5 லட்சம் கட்டுவதற்குப் பதில், அங்கே 17 லட்சம் வாடகை கொடுத்து அந்த 5 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள். குழந்தைக்கு இன்னும் ஒரு வருடத்தில் பள்ளிக்கூடம். அம்மாவை அழைத்துப் போவதென்றால் ஒரு படுக்கையறை போதாது, அவருக்கு விசா எடுப்பது தனிக் கதை.

ஷார்ஜா, அஜ்மானில் வாடகை குறைவு, உண்மை. ஆபீஸ் போக வேண்டிய அவசியம் இல்லாததால் அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலும் உங்களைப் படுத்தாது. ஆனாலும் கணக்கு உங்கள் பக்கம் சாயவில்லை. உங்கள் நண்பருக்குச் சாய்ந்திருக்கும். அவர் அங்கே உள்ள கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று நினைக்கிறேன். விசாவும் காப்பீடும் கம்பெனி தருகிறது, வீட்டுப் படி தருகிறது. இங்கே இருந்தால் அவருக்குச் சம்பளக் கட்டத்தில் 30 சதவீதம் விழும். அவருக்குத் துபாய் லாபம். ஒரே வரவு, ஆனால் அவருடைய கணக்கும் உங்களுடைய கணக்கும் வேறு.

அப்படியானால் உங்களை மாதிரி ஆட்களில் யாருக்குத்தான் லாபம்? 75 லட்சத்தைத் தாண்டியவருக்கு. அந்த எல்லைக்கோடு ஒரு செங்குத்துப் பாறை மாதிரி. 75 லட்சம் வாங்கினால் 37.5 லட்சத்துக்கு வரி, 7,33,200. அதையே 76 லட்சமாக வாங்கினால் 44ஏடிஏ போய்விட்டது. புத்தகம் எழுத வேண்டும், நிஜச் செலவைத்தான் கழிக்கலாம், தணிக்கையும் செய்ய வேண்டும். நிஜச் செலவு 8 லட்சம் என்றால் லாபம் 68 லட்சம், சர்சார்ஜ் செஸ் எல்லாம் சேர்த்து வரி சுமார் 18.5 லட்சம். ஒரு லட்சம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 11 லட்சம் கூடுதல் வரி! ஊதிய உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் வந்து, இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, உயர்வை அடுத்த வருடம் தரச் சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு.

ஒரு கோடி வரவு, 10 லட்சம் செலவு என்றால் வரி 26 லட்சம் சொச்சம். ஆள் தனிக்கட்டை, ஒரு அறை போதும் என்றால் துபாய் இப்போது பேச வேண்டிய விஷயம். ஒன்றரைக் கோடி என்றால் குடும்பத்தோடேகூடப் பேசலாம். உங்கள் வருமானம் அங்கே போகும் நாள் வரலாம் என்பதால் விதிகளைச் சொல்லிவைக்கிறேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இந்திய வருமான வரிச் சட்டம் நீங்கள் எங்கே வீடு எடுத்தீர்கள், மனைவி மக்கள் எங்கே என்று கேட்பதில்லை. அது எண்ணுவது நாட்களை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் உள்ளூர்க்காரர், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. இரண்டாவது விதி ஒன்று உண்டு. அந்த வருடம் 60 நாள், முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்தாலும் ரெசிடென்ட். இங்கேயே வாழ்ந்தவருக்கு 365 எப்போதோ முடிந்திருக்கும், ஆகவே 60 நாள் மட்டும்தான் கேள்வி. வெளிநாட்டுக்கு வேலைக்காகக் கிளம்பிய குடிமகனுக்குக் கிளம்பும் வருடத்தில் இந்த 60, 182 ஆகிவிடும். அதைக் கணக்கு வைத்துத்தான் செப்டம்பர் 28க்குள் கிளம்பிவிடு என்று சொல்வார்கள். ஏப்ரல் 1 முதல் அன்று வரை 181 நாள்.

ஆனால் வேலைக்காக என்றால் என்ன? சொந்தத் தொழிலும் வேலைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அது ஒரு ஆறுதல். டூரிஸ்ட் விசாவில் போய் உட்கார்ந்துகொண்டு பழைய கிளையண்டுக்கே வேலை செய்கிறவர் அதைச் சொல்லித் தப்பிப்பது கஷ்டம். ரிமோட் விசா அல்லது அங்கே எடுத்த ஃப்ரீலான்ஸ் பெர்மிட் கையில் இருந்தால் வாதத்துக்கு ஒரு காகிதமாவது இருக்கும். என்னைக் கேட்டால் அந்த வம்பே வேண்டாம், மார்ச் கடைசி வாரத்தில் கிளம்புங்கள் என்பேன். கிளம்பும் வருடத்துக்கு இங்கே முழுதாக வரி கட்டிவிடுவீர்கள், அடுத்த ஏப்ரல் 1 அன்று ஏற்கெனவே வெளியே இருப்பீர்கள். அதன் பிறகு ஊருக்கு வந்துபோகிறவருக்கு 181 நாள் வரை இடம் உண்டு. இந்தியாவில் உள்ள வருமானம், வாடகை, வட்டி, பங்கு லாபம் எல்லாம் சேர்த்து 15 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் அது 120 நாளாகக் குறையும்.

ஈரோட்டுக்காரர் ஒருவர் டிசம்பரில் போனார். போகும்போதே 250 நாளுக்கு மேல் இங்கே இருந்தாயிற்று, ஆகவே அந்த வருடம் முழுக்க ரெசிடென்ட். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் துபாய் வருமானத்துக்கும் இங்கே வரி. அது போகட்டும். துபாயில் தொடங்கிய வங்கிக் கணக்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள், அவர் தொகை சிறியது, பிழைத்தார். என்னிடம் வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் போர்டிங் பாஸ் வைத்திருந்தார். மை மங்கிப் பாதி படிக்க முடியவில்லை. துபாய் விமான நிலையத்தில் ஸ்மார்ட் கேட் வழியாக நடந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரையே விழாது, அதனால் அங்கே குடிவரவுத் துறையிலிருந்து வருகை, புறப்பாடு அறிக்கையை வாங்கிவைக்க வேண்டும். போர்டிங் பாஸை அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, பணம் முதலில் எங்கே விழுகிறது என்பது. இது நாட்களைவிட மோசமான பொறி. என்ஆர்ஐ ஆகிவிட்டாலும் இந்தியாவில் வாங்கப்பட்ட வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. துபாய்க்குப் போய்விட்டு, அமெரிக்கக் கிளையண்ட் மட்டும் பழையபடி கோவை வங்கிக் கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தால், முதல் வரவு இந்தியாவில். போனதற்குப் பலனே இல்லாமல் போகலாம். கப்பலில் வேலை செய்கிறவர்களின் சம்பளம், வெளிநாட்டு வரவுக்காக இங்கே வைத்திருக்கும் என்ஆர்இ கணக்குக்கு வருவது பற்றி 2017இல் வரித் துறையே சுற்றறிக்கை போட்டு விலக்குக் கொடுத்தது, அது அவர்களுக்கு. நீங்கள் துபாயில் கணக்குத் தொடங்கி, பணம் அங்கே விழுந்து, அதன் பிறகு ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவை அங்கே வாங்கிய பணத்தை இங்கே அனுப்புவது வருமானம் ஆகாது. கிளையண்டிடம் கொடுத்த டபிள்யூ-8பென்னில் முகவரியையும் மாற்ற வேண்டும், நிறையப் பேர் மறப்பது அது.

இங்கே உள்ள சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஐக்கள் உள்ளூர் வரவுக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக ஆக்கிவிட வேண்டும், வரிச் சட்டத்துக்கு இதில் சம்பந்தமில்லை, இது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா விஷயம். ஃபெமாவின் ரெசிடென்ட் கணக்கு வேறு, வருமான வரியின் ரெசிடென்ட் கணக்கு வேறு. ஒரே ஆள் ஒரே வருடத்தில் ஒன்றில் உள்ளூர்க்காரராகவும் இன்னொன்றில் வெளியூர்க்காரராகவும் இருக்கலாம். குழப்பம்தான், ஆனால் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அமீரகத்தின் பக்கமும் ஒரு காகிதம் வேண்டும், வரி வதிவிடச் சான்றிதழ். 2023 மார்ச் முதல் உள்ள அவர்களுடைய விதிப்படி விசாவும் நிரந்தர வீடும் அல்லது வேலையும் இருந்தால் 90 நாளிலேயே அங்கே வரி வதிவாளர் ஆகிவிடலாம். ஆனால் இந்தியா அமீரகம் ஒப்பந்தத்தில் தனிநபருக்குக் காலண்டர் வருடத்தில் 183 நாள் என்று தனியாகப் போட்டிருக்கிறது. 90 நாள் சான்றிதழை இங்கே கொண்டுவந்து ஒப்பந்தச் சலுகை கேட்டால் அந்த 183ஐக் காட்டுவார்கள். இன்னும் ஒரு சிக்கல், அந்த ஒப்பந்தமும் இந்தியச் சட்டமும் வெவ்வேறு வருடத்தை எண்ணுகின்றன. ஒப்பந்தத்தில் ஜனவரி முதல் டிசம்பர், இந்தியச் சட்டத்தில் ஏப்ரல் முதல் மார்ச்.

எந்த நாட்டிலும் நிற்காமல் இரண்டு மாதம் பாலி, மூன்று மாதம் சியாங் மாய் என்று சுற்றுகிறவர்களுக்கு 2020இல் ஒரு கொக்கி போட்டார்கள். இந்தியக் குடிமகன், இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல், வேறெங்கும் வரிக்கு உட்பட்டவர் இல்லை என்றால், ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் ரெசிடென்ட் என்று கருதப்படுவார். அரைகுறை ரெசிடென்ட்தான், வெளிநாட்டு வருமானம் எல்லாவற்றுக்கும் வரி இல்லை, ஆனால் இந்தியாவில் தொடங்கிய தொழிலின் வெளிநாட்டு வருமானம் சிக்கும். கோவையில் தொடங்கிய ஃப்ரீலான்ஸ் தொழிலுக்கு அந்த வாக்கியத்தைத் திரும்ப இரண்டு முறை படியுங்கள். நீங்கள் இன்னும் கோவையிலேயே இருப்பதால் இப்போதைக்குக் கவலை இல்லை.

மற்ற நாடுகளைப் பற்றியும் நாலு வார்த்தை. ஸ்பெயின் ரிமோட் ஆட்களை வரவேற்கிறது, 24 சதவீதம் என்று சலுகை விகிதம் தருகிறது, நீங்கள் கட்டுவது 8.3. போர்ச்சுகலின் பழைய சலுகையைப் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள், இன்னும் அதைப் புகழ்ந்து வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தில் 180 நாள் இருந்துவிட்டால் வதிவாளர், 2024 முதல் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரி கேட்கிறார்கள். ஜார்ஜியாவில் சிறு தொழிலுக்கு 1 சதவீதம் என்பது உண்மைதான், ஆலோசனைச் சேவை அந்தச் சலுகையில் வராது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துபாய் போனாலும் செவ்வாய் கிரகம் போனாலும் அமெரிக்கா தன் பங்கைக் கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்களுக்கும் நிலைமை மாறிவிட்டது, 2025 ஏப்ரலுக்கு முன் விலக்காக இருந்த டாலர் வருமானத்துக்கு இப்போது 15 சதவீதம் வரை வரி.

நாட்டுக்குள்ளேயே இடம் மாறினால்? சென்னையிலிருந்து தென்காசிக்குப் போனால் வாடகை குறையும், காற்று நன்றாக இருக்கும், வருமான வரி ஒரு ரூபாய் குறையாது. இங்கே அமெரிக்கா மாதிரி மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரி இல்லை.

பணத்தில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், அழைப்பு போகாது. ஜூம், டீம்ஸ் வேலை செய்வதால் அலுவலகத்துக்குப் பிரச்சினை இல்லை. அம்மாவை இங்கே விட்டுப் போனால் அவர் போனில் போட்டிம் மாதிரி ஒரு செயலியை ஏற்றி, அழைப்பு வந்தால் எந்தப் பொத்தானைத் தொட வேண்டும் என்று பழக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். எனக்கு வயிற்றைக் கலக்குவது வரியைவிட இதுதான். கான்ட்ராக்டர் என்றால் நீங்கள் சேவை ஏற்றுமதி செய்கிறவர். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்றாலும் பதிவு வேண்டும். பதிவு எடுத்து, எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஆன்லைனில் போட்டால் 18 சதவீதம் கட்டாமலேயே இன்வாய்ஸ் அனுப்பலாம். எல்யூடி ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் ஜிஎஸ்டி என்ற சொல்லே இல்லை. எண் எடுக்காமல் 60 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டிருந்தால் ரிட்டர்னுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். 44ஏடிஏவில் 60 லட்சம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள், அந்த எண் ஜிஎஸ்டி துறைக்குப் போகாது என்று நம்பி இருக்காதீர்கள்.

அட்வான்ஸ் டாக்ஸும் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். 44ஏடிஏக்காரர்கள் முழுத் தொகையையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டியிருக்க வேண்டும். விட்டதற்கு ஒரு சதவீதம், சுமார் 5,000 ரூபாய். ஏப்ரலிலிருந்து கட்டும் மாதம் வரை மாதத்துக்கு இன்னொரு 5,000. ரிட்டர்னைத் தள்ளிப்போட்டாலும் வரியை இந்த வாரமே கட்டிவிடுங்கள். படிவம் ஐடிஆர்-4. கிளையண்ட் நிறுவனம் பங்கு ஏதாவது கொடுத்திருந்தால் ஐடிஆர்-4 ஆகாது, ஐடிஆர்-3 போட வேண்டும். ஏப்ரல் 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான், 44ஏடிஏ என்றே தேடுங்கள்.

ஒப்பந்தத்தின் வேலை நிபந்தனைப் பக்கத்தையும் வங்கிச் சான்று ஒன்றையும் பெயர், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள். சம்பளமா தொழிலா என்று பார்த்துச் சொல்கிறேன். சம்பளம் என்று முடிவானால் 15,52,980 திரும்பி வந்துவிடும், அப்போது துபாய்க் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும்.